7 வாட் பிட்எக்ஸ், சின்ன வீடு: பவரை ஏத்தவா, கம்பியை மாத்தவா?

தங்கச்சிமடம்_வியு3:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். போட்டுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எஃப் செட் மாட்டுறதும் ரிப்பேர் பாக்குறதும்தான் நம்ம பொழப்பு. ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு அமெச்சூர் ரேடியோ லைசென்சுல ரெஸ்ட்ரிக்டட் கிரேடு பாஸ் பண்ணி, வியு3ன்னு ஆரம்பிக்கிற கால்சைன் (வானலையில நம்ம பேரு) கைக்கு வந்தாச்சு. 40 மீட்டர் பேண்டுல (7 மெகாஹெர்ட்ஸ்) பேசுற பிட்எக்ஸ் 40ங்குற செட்டோட பழைய போர்டு ஒண்ணு கெடச்சுது. அதுக்கு டப்பா கட்டி, 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியில ஓட்டுறேன். டம்மி லோடுல (ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டுற ரெசிஸ்டர்) அளந்தா 7 வாட் காட்டுது.

கேக்குறதுக்கு ஒரு கொறையும் இல்ல. காலையில 7050க்கும் 7150 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவுல கோயம்புத்தூரு, சென்னை, ஐதராபாத்து, கொழும்பு 4எஸ்7 ஸ்டேஷன்னு எல்லாம் காதுல விழுது. நான் கூப்பிட்டா மட்டும் யாரும் திரும்பிப் பாக்குறதில்ல. எப்பவாச்சும் "வியு3 ஸ்டேஷன், மறுபடி சொல்லுங்க"ன்னு ஒரு குரல் வரும். அதுக்குள்ள பெரிய செட்டுக்காரர் யாராச்சும் மேல ஏறிருவாரு, நம்ம கதை முடிஞ்சுது.

ஆன்டெனான்னு பாத்தா, மச்சுல கைப்பிடிச் சுவரை ஒட்டியே ஓடுற ஒரு கம்பி, கீழ ஒரு சின்ன ட்யூனர். ஆன்டெனாவுல இருந்து திரும்பி வர்ற பவரைக் காட்டுற எஸ்டபிள்யூஆர் 1.3 தான் காட்டுது, அதனால அதுல கோளாறு இருக்காதுன்னு நெனைக்கிறேன். வீடு முப்பதுக்கு இருபது அடி. பின்னால மாமா எடத்துல ஒத்தப் பனை நிக்குது. பக்கத்துல எல்லாம் வீடு.

கேள்வி இதுதான். பிட்எக்ஸ் பைனலுக்கு (கடைசி பவர் ட்ரான்சிஸ்டர்) தனியா 24 வோல்ட் குடுத்தா 20 வாட் வரும்ங்குறாங்க. இன்னொருத்தர் 50 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வச்சிருக்காரு, தர்றேங்குறாரு. லைசென்சுக்கும் 50 வாட்தான் எல்லை, அதனால அதோட நின்னுக்கலாம். எதை வாங்கலாம்? அப்புறம், கடக்கரையில போய்க் கட்டுனா நல்லா எடுக்கும்ங்குறது நெசமா? இந்த ஊர்ல கம்பியும் செட்டுமா கடக்கரையில உக்காந்தா என்ன நெனைப்பாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல. யாராச்சும் செஞ்சிருந்தா சொல்லுங்க.

ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பிச்சா விசைப்படகெல்லாம் கரைக்கு வந்துரும், எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. அதுக்கு முன்னால ஒரு முடிவு பண்ணணும்.

கீழக்கரை_டிஜிட்டல்:

காக்கா, குரல்ல பேசுற எஸ்எஸ்பில தொண்டைத் தண்ணி வத்த வேணாம். 7074ல எஃப்டி8 போடுங்க, கம்ப்யூட்டரே சின்னச் செய்தியா அனுப்பி வாங்கிக்கிற முறை அது. சிக்னல் இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழ கெடந்தாலும் மென்பொருள் தூக்கிரும். உங்க கம்பி எவ்வளவு மோசமா இருந்தாலும் இந்தோனேசியா, ஜப்பான் ராத்திரியில வரும்.

ரெண்டே ரெண்டு விசயம் பாத்துக்கங்க. கம்ப்யூட்டர் கடியாரம் இன்டர்நெட் நேரத்தோட ஒத்துப் போகணும், ஒரு செகண்டு தள்ளிப்போனாலே தடுமாறும். அடுத்தது, பேச்சு மாதிரி விட்டுவிட்டு வராது இது. 15 செகண்டு சுத்துல 12.6 செகண்டு ஒரே மட்டமா அனுப்பும். பிட்எக்ஸ் பைனல்ல இருக்கிறது ஒரே ஒரு ஐஆர்எஃப்510. அது கொதிச்சுப் போகும். ஆடியோவைக் குறைச்சு 3 வாட்ல வைங்க, ஹீட்சிங்க்கைப் பெருசாக்குங்க.

அனுப்பிட்டு பிஎஸ்கே ரிப்போர்ட்டர் வலைத்தளத்துல பாத்தா உங்க சத்தம் எங்கெங்க கேட்டுச்சுன்னு வரைபடத்துல புள்ளி வச்சுக் காட்டும். ஹாம்கள் உலகத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சதுல நம்ம கட்டம் எம்ஜே99. வாலிநோக்கத்துல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் இதே கட்டம்தான். யாழ்ப்பாணம் போனா என்ஜே09 ஆயிரும்.

ஆம்ப்ளிஃபயர் பத்தி நான் சொன்னா மண்டபம் தந்திக்காரர் சண்டைக்கு வருவாரு. அவரே வரட்டும்.

மண்டபம்_தந்தி:

வந்துவிட்டேன்.

தம்பி, கணக்கை முதலில் போட்டுவிடுவோம். சிக்னல் வலுவைக் காட்டும் மீட்டரில் ஒரு எஸ் புள்ளி ஏற 6 டெசிபெல் வேண்டும், அதாவது பவர் நான்கு மடங்காக வேண்டும். 24 வோல்ட் கொடுத்து 7 வாட்டை 20 ஆக்கினால் உனக்குக் கிடைப்பது நாலரை டெசிபெல். ஒரு புள்ளிகூட முழுதாக ஏறாது. அதற்காக அந்த ஐஆர்எஃப்510 வெந்து சாகும். 50 வாட் பெட்டி வாங்கினால் எட்டரை டெசிபெல், ஒன்றரைப் புள்ளி. அதோடு 7 ஏஎச் பேட்டரி அதை இழுக்காது, பெரிய பேட்டரி வாங்கு, அதற்கு சார்ஜர் வாங்கு என்று செலவு நீளும். உன் கைப்பிடிச் சுவர்க் கம்பி ஒன்றுமே செய்யாமல் தின்பது இதைவிட அதிகமாக இருக்கும்.

எஸ்டபிள்யூஆர் 1.3 என்கிறாய். டம்மி லோடு மாட்டினால் 1.0 காட்டும், அது யாருக்கும் கேட்காது. ட்யூனர் செய்வது செட்டைச் சமாதானப்படுத்துவது மட்டும்தான். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வலை பின்னியிருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அரை அலைக்குப் பாதி நீளம்கூட இல்லாத கம்பியைப் படுக்க வைத்தால் பவரில் பெரும்பங்கு சுவரைச் சூடேற்றப் போகிறது. ட்யூனரின் காயிலும் கொஞ்சம் போகும். பத்து டெசிபெல் இங்கேயே தொலைந்தாலும் நான் வியக்க மாட்டேன். அப்படியென்றால் கொழும்புக்குப் போவது உன் 7 வாட்டில் முக்கால் வாட்.

ஆகவே ஆம்ப்ளிஃபயர் காசைப் பையிலேயே வை. அந்தப் பனையைப் பார்.

டைபோல் என்பது நடுவில் கேபிள் இணைத்து இரு கையாக நீளும் கம்பி, 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் 20.1 மீட்டர். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வந்துவிடும். பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். வயரிங்குக்கு வாங்கும் ஒன்றரை ஸ்கொயர் வயரே போதும், மேலே பிவிசி உறை இருக்கட்டும், நம் காற்றுக்கு வெறும் செம்பு ஒரு மழைக்காலம் தாங்காது. உறை இருப்பதால் ஒத்திசைவு கொஞ்சம் கீழே இறங்கும். பத்தரை மீட்டர் விட்டுத் தொடங்கி, நுனியை மடக்கி மடக்கிச் சரிசெய். வெட்டாதே, மடக்கினால் போதும். நடுவைப் பனையில் எட்டு மீட்டர் உயரத்தில் தூக்கி, ஒரு கையை உன் மச்சு மூலைக்கும் இன்னொரு கையை எதிர்ப்பக்கம் ஒரு சவுக்குக் கம்புக்கும் இறக்கு. நடுக்கோணம் 90 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். நுனிகள் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், அங்கேதான் வோல்டேஜ் கூடுதல்.

எட்டு மீட்டர் உயரம் 40 மீட்டர் பேண்டுக்குத் தாழ்வுதான். புத்தகம் படித்தவர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். உனக்கு அதுவே வசதி. தாழ்ந்த டைபோல் சிக்னலை வானத்தை நோக்கி நேரே எறியும், அது மடங்கி நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் மழையாக இறங்கும். கோயம்புத்தூர், கொழும்பு, சென்னை எல்லாம் அந்த வட்டத்தில்தான். பகலில் நீ பேச நினைப்பதும் அவர்களோடுதானே?

பனையில் ஆணி அடிக்காதே. மரம் கெடும் என்பது ஒன்று, பனையேறிக்குக் கால் வைக்கும் இடம் அது என்பது இன்னொன்று. பதநீர்க் காலத்தில் அவர் ஏறும்போது ஒரு கப்பியைக் கட்டித் தரச் சொல். போட்டுக்குப் போடும் துருப்பிடிக்காத கப்பி உன் கடையிலேயே இருக்கும். கயிறு மட்டைக் கருக்கில் உரசக் கூடாது, பழைய டியூப் ரப்பரைச் சுற்று. கப்பி வழியாக வரும் கயிற்றின் மறுமுனையை இறுக்கிக் கட்டாமல் மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பனை ஆடும் ஆட்டத்துக்குக் கேன் ஏறி இறங்கும், கம்பி அறாது.

இனி கடற்கரை. சென்னைக்காரரோடு பேசக் கடற்கரைக்குப் போகாதே, அதற்கு மேலே சொன்னதே போதும். கடற்கரை தூரத்துக்கு.

செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக அனுப்ப வல்லது. ஐந்து பத்து டிகிரி கோணத்தில் போகும் அலைதான் ஐரோப்பா, ஜப்பானுக்கு உதவும். சாதாரண நிலத்தில் அந்தக் கோணத்து அலையை மண் விழுங்கிவிடும். கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 5 சீமென்ஸ் அளவில் இருக்கிறது. காய்ந்த மணலுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. அதனால் கடல்மேல் போகும் தாழ்வான அலை தேயாமல் போகிறது. படுக்கைக் கம்பிக்கு இந்தச் சலுகை கிடையாது, நிற்கும் கம்பிக்குத்தான்.

நான் செய்வது இது. 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 5 மீட்டர். ஒரு சவுக்குக் கம்பை மணலில் ஊன்றி, அதோடு 5 மீட்டர் வயரை நிமிர்த்திக் கட்டுவேன். அடியில் இன்னும் இரண்டு 5 மீட்டர் வயர், இடுப்பு உயரத்தில் இருபுறமும் இழுத்து நைலான் கயிற்றில் கட்டி. அவ்வளவுதான் ஆன்டெனா. செட் நானே சாலிடர் செய்த 3 வாட் சிடபிள்யூ, அதாவது மோர்ஸ் தந்தி செட், மைக்கே கிடையாது, மோர்ஸ் அடிக்கும் சாவி மட்டும். ஈர மணல் ஓரமாகவே கம்பு நிற்க வேண்டும். இருபது முப்பது மீட்டர் உள்ளே தள்ளி நிழலுக்கு வந்தால் பயன் குறைந்துவிடும், எனக்கும் நிழல் பிடிக்கும், என்ன செய்ய.

எந்தக் கரை என்பதையும் பார்க்க வேண்டும். மண்டபத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பினை இரண்டு கடல். இங்கிருந்து ஜெர்மனி 320 டிகிரி, வடமேற்கு. வடகடல் கரையில் நின்று அந்தத் திசை பார்த்தால் தேவிபட்டினம் வரை தண்ணீர்தான், முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஜப்பான் 54 டிகிரி, வடகிழக்கு. அதுவும் பாக் விரிகுடா மேலேயே போகிறது. ஆகவே மாலை மயங்கும் நேரத்துக்கு வடகடல். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா வேண்டுமென்றால் தெற்கே நடந்து மன்னார் வளைகுடாப் பக்கம். தங்கச்சிமடத்தில் இருக்கும் உனக்கும் வடகடல் தூரமில்லை. இத்தாலி, ரஷ்யா, ஜப்பான் மூன்றும் எனக்கு அந்த 3 வாட்டில் வந்தவைதான். நல்ல காலம் இது என்பதையும் சொல்ல வேண்டும். சூரியனின் 25வது சுழற்சி 2024ல் உச்சத்தைத் தொட்டது, அந்தப் பலத்தில் 14 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள பேண்டுகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

போலீஸ் விஷயம். உரிமத்தின் நகலும் ஆதாரும் எப்போதும் பையில். உரிமத்தில் எழுதிய முகவரியை விட்டு வேறிடத்தில் இயக்குவது பற்றி விதி என்ன சொல்கிறது என்று முதலில் படி, அதற்கு வேண்டியதைச் செய். போகும் முன் உள்ளூர் ஸ்டேஷனிலும் கடலோரப் பாதுகாப்புக் குழும ஸ்டேஷனிலும் போய் நேரில் சொல்லிவிட்டு வா. அவர்கள் வந்து கேட்பதைவிட நாம் போய்ச் சொல்வது நல்லது. என்னைக் கேட்க வந்த காவலர் ஒருவர் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்து, "இதுல யாரு என்ன பேசுறான்னு உங்களுக்கு நெசமாவே புரியுதா"என்றார். எழுதிக் காட்டினேன். அப்புறம் அவர் நண்பர். அரிச்சல்முனைக்குப் போகாதே, இருட்டுவதற்குள் கிளப்பிவிடுவார்கள், பேண்டு திறப்பதே அப்போதுதான். தீவுகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதே, அது கடல்சார் தேசியப் பூங்கா.

கடைசியாக என் சொந்தப் புராணம். தந்தி ஆபீசில் மோர்ஸ் அடித்து வயிறு வளர்த்தவன் நான். 2013 ஜூலையில் அரசாங்கம் தந்தியை நிறுத்தியது, நான் நிறுத்தவில்லை. உன் குரல் 2,400 ஹெர்ட்ஸ் அகலத்தில் பரவுகிறது. சாவி அடித்தால் கேட்பவர் 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டுக் கேட்கலாம். இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு ரூபாய் செலவில்லாமல் 10 டெசிபெல். உன் ஆம்ப்ளிஃபயரை விடக் கூடுதல். நிமிடத்துக்கு 8 சொல் வந்துவிட்டால் லைசென்சில் அடுத்த படியான ஜெனரல் கிரேடும் எழுதலாம்.

கீழக்கரைத் தம்பி சொல்லும் எஃப்டி8 ஆன்டெனா சோதிக்க நல்ல கருவி. இரண்டு கம்ப்யூட்டர்கள் நலம் விசாரித்துக்கொள்ள நாம் டீ குடிப்பதை அரட்டை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கீழக்கரை_டிஜிட்டல்:

டீ சூடா குடிக்கலாம்ல ஐயா. உங்க மோர்ஸ்ல ஆறிப் போயிரும்.

மூக்கையூர்_நாட்டுப்படகு:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். இத வச்சு கடலுக்குப் போயிருக்கிற மச்சான்கிட்ட கரையில நண்டு வெல என்னன்னு சொல்ல முடியுமா? செல்போன் டவர் கொஞ்ச தூரத்துல அறுந்து போகுது.

மண்டபம்_தந்தி:

முடியாது. முடிந்தாலும் கூடாது. வியாபாரச் செய்தி அமெச்சூர் பேண்டில் தடை, அதோடு உன் மச்சானுக்கும் உரிமம் வேண்டும். படகுக்கு என்று கடல்சார் விஎச்எஃப் தனியாக இருக்கிறது, 156.8 மெகாஹெர்ட்ஸ், 16ம் சேனல், ஆபத்துக்கும் அழைப்புக்கும். தங்கச்சிமடத்துத் தம்பியிடம் கேள், அவன் தொழிலே அதுதான்.

பிறகு இது எதற்கு என்று கேட்பாய். 2004 டிசம்பரில் ஹாம் குழு ஒன்று அந்தமானுக்கு, அங்கிருந்து வியு4 கால்சைனில் பேசப் போயிருந்தது, உலகம் முழுக்க ஹாம்களுக்கு அந்தமான் கிடைப்பது அபூர்வம் என்பதால் பொழுதுபோக்காகப் போனவர்கள். 26ம் தேதி சுனாமி. போன் எல்லாம் படுத்துவிட, போர்ட் பிளேரிலிருந்து அவர்கள் செட் வழியாகத்தான் பலரின் நலச்செய்தி வெளியே போனது. பேரிடர் நேரத்தில் பிறர் செய்தி கடத்த விதியே இடம் தருகிறது. மற்ற நாளில் நண்டு விலை வேண்டாம்.

தங்கச்சிமடம்_வியு3:

மூக்கையூர் அண்ணே, தனியா மெசேஜ் போடுங்க. போட்டுக்கு விஎச்எஃப் ஆன்டெனா உசரமா வச்சாலே பாதிப் பிரச்சினை தீந்துரும்.

தொண்டி_டீச்சர்:

ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. டைபோலின் நடுவைப் பனையில் தூக்கினால் கோஆக்ஸ் கேபிளும் அதன் இணைப்பும் மேலே போய்விடும். நம் கரையில் முதலில் கெடுவது அந்த இணைப்புதான். ஒவ்வொரு தடவையும் இறக்கிப் பார்க்க வேண்டும். கோஆக்ஸின் கனமும் கப்பியில் தொங்கும்.

நான் தொண்டியில் வாடகை வீட்டில் இருக்கிறேன், வீட்டுக்காரர் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டார். நடுவில் இல்லாமல் முனையில் கேபிள் இணைக்கும் அரை அலைக் கம்பிதான் எனக்குச் சரிப்பட்டது. 20 மீட்டர் ஒரே கம்பி. ஒரு முனை மச்சில், மறு முனை தென்னையில். மச்சு முனையில் 49க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். எஃப்டி140-43 ஃபெரைட் வளையத்தில் முதல் சுற்று 2, இரண்டாம் சுற்று 14, முதல் சுற்றின் குறுக்கே 100 பிகோஃபாரட். 7 வாட்டுக்கு அந்த வளையம் தாராளம். எதிர்க்கம்பியாக இரண்டு மீட்டர் வயர் கீழே தொங்கட்டும். இதே கம்பி 40, 20, 15, 10 மீட்டர் என நான்கு பேண்டிலும் ஓடும், நாளைக்கு நீங்கள் 20 மீட்டர் செட் கட்டினால் புதுக் கம்பி வேண்டாம். கெடக்கூடிய பொருள் எல்லாம் கையெட்டும் உயரத்தில். பனையில் இருப்பது வெறும் கயிறும் பிவிசி பைப் துண்டும்.

உப்புக்கு நான் செய்வது: சாலிடர் வைத்த இடம் எல்லாம் நெயில் பாலிஷ் இரண்டு கோட். இணைப்பின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன்மேல் சாதாரண பிவிசி டேப். டப்பாவின் அடியில் ஒரு சின்ன ஓட்டை கட்டாயம், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து நிற்கும். கோஆக்ஸ் நுனியை மட்டும் சும்மா திறந்து வைக்காதீர்கள். உப்பு ஈரம் பின்னலுக்குள் ஏறி உள்ளே முழம் முழமாகக் கறுத்துப் போகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை. "கேக்குறதுக்கு ஒரு கொறையும் இல்ல" என்கிறீர்கள். உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். உங்களைப் போலவே 5 வாட், 7 வாட்டில் கூப்பிடும் ஆட்கள் அந்த இரைச்சலுக்கு அடியில் இருப்பார்கள். எங்கள் வீட்டில் எல்இடி டியூப் ஒன்றும் இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரும் சேர்ந்து மீட்டரை எஸ்7ல் பிடித்து வைத்திருந்தன. கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கைக்கடக்கமான மீடியம் வேவ் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தால் போதும். எதன் பக்கம் போனால் கத்துகிறதோ அதுதான் ஆள். அடாப்டரை மாற்றினேன், டியூபை சமையலறைக்கு அனுப்பிவிட்டு மாலையில் அதை அணைத்துவிடுவேன். எஸ்3க்கு இறங்கியது.

மண்டபம்_தந்தி:

டீச்சர் சொல்வது நியாயம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரு டெசிபெல் பக்கம் எடுத்துக்கொள்ளும், அது ஒரு குற்றமில்லை. பனையில் ஏறிப் பழுது பார்க்க வேண்டாத ஆன்டெனாதான் வருடக்கணக்கில் நிற்கும். தம்பி, அதையே கட்டு. கோஆக்ஸ் செட்டுக்குள் நுழையும் முன் ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றிவிடு, இல்லாவிட்டால் மைக் உதட்டைச் சுடும்.

இரைச்சல் பற்றி டீச்சர் சொன்னதை இரண்டு தடவை படி.

தங்கச்சிமடம்_வியு3:

சொன்னபடி செஞ்சாச்சு. டீச்சர் மாடல்தான் கட்டுனேன். பனையேறி அண்ணன் பதநீருக்கு ஏறும்போது கப்பி கட்டிக் குடுத்தாரு, "செல்போன் டவரா"ன்னு கேட்டாரு, இல்லண்ணே ரேடியோன்னேன், "இன்னமும் ரேடியோவா"ன்னுட்டு இறங்கிட்டாரு. மணல் கேனுக்குப் பதிலா வலை ஈயத்தைத் துணிப்பையில கட்டித் தொங்க விட்டுருக்கேன். ஆன்டெனா அளக்குற நானோவிஎன்ஏ கருவில பாத்தா முதல்ல 6.8 மெகாஹெர்ட்ஸ்ல உக்காந்துச்சு. மடக்கி மடக்கி 7.09க்குக் கொண்டு வந்தேன்.

பவர் அதே 7 வாட்தான். கோயம்புத்தூர்ல ஒருத்தர் சிக்னலுக்கு 57 (தெளிவுக்கு 5, வலுவுக்கு 7) குடுத்தாரு. கொழும்புல ஒருத்தர் 59 குடுத்துட்டுத் தமிழ்லயே பேசுனாரு. அவருக்குத் தங்கச்சிமடம்னா தெரியல, பாம்பன் பாலத்துக்குப் பக்கம்னதும் புரிஞ்சுக்கிட்டாரு. காலையில எல்லாரும் வானலையில கூடிப் பேசுற நெட்ல இப்ப என் கால்சைனைச் சொல்லியே கூப்பிடுறாங்க. சென்னை இன்னும் ஒரு நாள் கேக்குது ஒரு நாள் கேக்கல.

இரைச்சல் விசயம் டீச்சர் சொன்னது அப்படியே. மீடியம் வேவ் ரேடியோவைக் கையில வச்சுக்கிட்டு நடந்தேன். நம்ம கடையில போட்டு பேட்டரி சார்ஜ் போடுற சார்ஜர்தான் கத்துது. வீட்டுக்கும் கடைக்கும் ஒரே சுவரு. காலையில ரேடியோ நேரத்துக்கு அதை அணைச்சுர்றேன். அணைச்ச பெறகு 7090ல சின்னச் சின்னதா ஆளுங்க கேக்குறாங்க, முன்னால அங்க யாருமே இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

இப்ப ரெண்டு சந்தேகம். மத்தியானத்துக்கு மேல படபடன்னு ஒரு சத்தம், மீட்டர் எகிறிக் குதிக்குது. சார்ஜர் எல்லாம் அணைச்சும் போகல. அப்புறம் மோர்ஸ் எப்படி ஆரம்பிக்கிறது, பிட்எக்ஸ்ல சாவி மாட்ட எடமில்லையே?

தொண்டி_டீச்சர்:

படபடப்பு வீட்டில் இல்லை, வானத்தில். கோடை இடி. மேற்கே மலைப்பக்கம் இடித்தாலும் 40 மீட்டரில் இங்கே கேட்கும். அதற்கு மருந்தில்லை, காலையில் பேசுங்கள். ஆனால் மேகம் தலைக்கு மேல் கட்டினால் கோஆக்ஸைச் செட்டிலிருந்து கழற்றி மச்சுக்கே கொண்டு போய் வெளியே போட்டுவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இது தினசரி வேலையாகிவிடும். உங்கள் கம்பிதான் தெருவில் உயரமான கம்பி.

மண்டபம்_தந்தி:

மோர்ஸுக்குச் செட் வேண்டாம், முதலில் காது வேண்டும். புள்ளி, கோடு என்று காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதே. அப்படிப் படித்தவர்கள் 5 சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். செல்போனில் பயிற்சிச் செயலி போட்டு, எழுத்து ஒவ்வொன்றையும் வேகமான ஓசையாகவே கேள், எழுத்துக்கு நடுவில் இடைவெளியை மட்டும் நீட்டி வைத்துக்கொள். கடையில் சாலிடர் வைக்கும்போது ஓடட்டும். பிட்எக்ஸிலேயே 7030க்கு இறக்கிக் கேட்கலாம், கேட்பதற்குச் சாவி எதற்கு? உன் பெயரைக் காதால் பிடிக்க வந்ததும் சொல், பழைய தந்திச் சாவி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. ஒரே ஒரு கிறிஸ்டல் வைத்த 7030 டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் சேர்ந்து கட்டுவோம், ஒன்றரை வாட் வரும்.

அதுவரை ஞாயிறு காலை ஏழரை மணிக்கு 7090ல் குரலில் இருப்பேன். சென்னைக்காரர்கள் இரண்டு மூன்று பேரை அழைத்திருக்கிறேன், எல்லாரும் 10 வாட்டுக்குக் கீழே. கால்சைனை மெதுவாக, இரண்டு தடவை சொல். கீழக்கரைத் தம்பியும் மைக் இருந்தால் வரலாம். ஹாம் வழக்கப்படி வாழ்த்துச் சொல்லி முடிக்கிறேன். 73.

கீழக்கரை_டிஜிட்டல்:

மைக் இருக்கு ஐயா. தூசி தட்டணும். 73.